தடுப்பூசிப் பெட்டியைப் படிப்போம்: எட்டாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகள்

எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘நுண்ணுயிரிகள்’ பாடத்தை முடித்த பிறகு, “தடுப்பூசி என்றால் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே பதில் சொல்லும். 1796இல் எட்வர்டு ஜென்னர் பெரியம்மைக்குத் தடுப்பு மருந்து கண்டறிந்தார் என்பதை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அதே வாரம் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், மருந்துக் கடைக்கு ஓடிப்போய், “காய்ச்சலுக்கு ரெண்டு செட் மாத்திரை குடுங்கண்ணே” என்று வாங்கி வருவதும் இதே பிள்ளைகள்தான். பாடம் ஒரு பக்கம் நிற்கிறது, மருந்துக் கடை இன்னொரு பக்கம் நிற்கிறது. இரண்டையும் இணைக்க எனக்கு உதவியது ஒரு காலி அட்டைப்பெட்டி.

எனக்குச் சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அதனால் ஆண்டுக்கு ஒரு முறை ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் எழுதித் தரும் சீட்டைக் கொண்டுபோனால் எங்கள் ஊர் மருந்துக் கடையில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவார்கள். அரை மில்லி மருந்து ஏற்கெனவே அடைக்கப்பட்ட ஊசி அது. அதைக் குளிர் குறையாமல் கிளினிக்குக் கொண்டுபோனால் செவிலியர் தேதியைச் சரிபார்த்து மேற்கையில் போடுவார். பிறகு சிறிது நேரம் அங்கேயே உட்கார வைத்து அனுப்புவார். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் பயிற்சி பெற்ற மருந்தாளுநரே கடையில் வைத்து இந்த ஊசியைப் போடுகிறார். நம் ஊரில் கடை மருந்தைத் தரும், ஊசி போடுவது மருத்துவமனையில்.

கடந்த முறை ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “போன வருசமும் போட்டீங்கதானே டீச்சர்? தட்டம்மை ஊசியெல்லாம் சின்ன வயசோட முடிஞ்சுருது. இதுக்கு மட்டும் ஏன் வருசா வருசம்?”

பாடநூலின் எந்தப் பக்கத்தையும் திருப்பி விடை சொல்லிவிட முடியாத கேள்வி இது. ஆனால் விடை அந்தப் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தது. அதைப் படிக்கவைப்பதையே பாடமாக வைத்துக்கொண்டேன்.

தேவையான பொருள்கள்

காலிப் பெட்டி, அதனுள் இருக்கும் விளக்கத் தாள், உலக வரைபடம், இந்திய வரைபடம், ஆய்வக வெப்பநிலைமானி இரண்டு, பனிக்கட்டி, சிறிய தெர்மகோல் பெட்டி, பழைய வருகைப் பதிவேடுகள். பயன்படுத்திய ஊசியையோ சிரிஞ்சையோ எக்காரணம் கொண்டும் வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. பெட்டி கிடைக்காதவர்கள் மருந்துக் கடையில் கேட்டு அதிலுள்ள வரிகளைக் குறித்துவந்து அட்டையில் பெரிதாக எழுதிக்கொள்ளலாம்.

முதல் வரி: ஊர்ப் பெயர்கள்

என்னிடம் இருந்தது நான்கு வகை வைரஸ்களுக்கான ஊசியின் பெட்டி. அதிலிருந்த பெயர்களைத் தமிழில் கரும்பலகையில் எழுதினேன்.

ஏ/விக்டோரியா/4897/2022 (எச்1என்1)
ஏ/தாய்லாந்து/8/2022 (எச்3என்2)
பி/ஆஸ்திரியா/1359417/2021
பி/புக்கெட்/3073/2013

“மருந்துப் பெட்டியில ஊர்ப் பேரு எதுக்கு டீச்சர்?” என்ற கேள்வி உடனே வந்தது. ஒவ்வொரு பெயரும் ஒரு முகவரி. முதலில் வைரஸின் வகை, அடுத்து அது கண்டெடுக்கப்பட்ட இடம், பிறகு ஆய்வகம் கொடுத்த எண், கடைசியில் ஆண்டு. விலங்கிலிருந்தோ பறவையிலிருந்தோ எடுக்கப்பட்டிருந்தால் அதன் பெயரும் நடுவில் சேரும். மனிதரிடமிருந்து எடுத்ததென்றால் அப்படி எதுவும் சேர்க்க மாட்டார்கள்.

குழுக்களாகப் பிரிந்து உலக வரைபடத்தில் இந்த ஊர்களைத் தேடச் சொன்னேன். விக்டோரியா ஆஸ்திரேலியாவில் உள்ள மாநிலம். புக்கெட் தாய்லாந்தில் உள்ளது. ஆஸ்திரியாவையும் ஆஸ்திரேலியாவில் தேடிக்கொண்டிருந்த குழுவுக்கு, அது ஐரோப்பாவில் இருக்கும் வேறொரு நாடு என்று பக்கத்துக் குழு காட்டிக்கொடுத்தது. எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் இருமியபோது எடுத்த மாதிரியில் இருந்த வைரஸ், நம் ஊர் மருந்துக் கடையில் இருக்கும் ஊசியைத் தீர்மானிக்கிறது என்பதை வரைபடம் பார்த்தே புரிந்துகொண்டார்கள்.

எச், என் ஆகியவை வைரஸின் மேற்பரப்பில் உள்ள இரண்டு புரதங்கள். எச் புரதம் நம் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைய உதவுகிறது. உள்ளே பெருகிய புதிய வைரஸ்கள் செல்லிலிருந்து விடுபட்டு வெளியேற என் புரதம் உதவுகிறது. சாவி என்றும் கத்தரி என்றும் சொன்னால் எட்டாம் வகுப்புக்குப் போதும். தடுப்பூசி போட்ட பிறகு நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் முக்கியமாக அந்தச் சாவியைத்தான் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கின்றன.

ஒரு மாணவன் இன்னொன்றைக் கவனித்தான். “மத்ததெல்லாம் 2021, 2022ன்னு இருக்கு. புக்கெட் மட்டும் 2013ன்னு இருக்கே?” அந்த வைரஸ் ‘யமகாட்டா’ என்ற கிளையைச் சேர்ந்தது. கொரோனா காலத்தில் உலகமே முகக்கவசம் அணிந்து வீட்டுக்குள் இருந்தபோது, 2020 மார்ச்சுக்குப் பிறகு இந்தக் கிளை உறுதியாக எங்கும் கண்டறியப்படவில்லை. அதனால் இனி அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. எனவே நீங்கள் பார்க்கும் பெட்டியில் மூன்று பெயர்கள் மட்டுமே இருக்கலாம்.

ஏன் ஆண்டுதோறும்? எழுத்து விளையாட்டு

மாணவி கேட்ட கேள்விக்கு விடை காண ஒரு விளையாட்டு நடத்தினேன். வரிசையின் முதல் மாணவருக்கு ஒரு துண்டுச்சீட்டில் பன்னிரண்டு எழுத்துகளைக் கொடுத்தேன்: ல ள ழ ன ண ந ர ற த ட ம வ. அவர் அதை ஐந்து விநாடிக்குள் பார்த்து நகல் எழுதி அடுத்தவருக்குத் தர வேண்டும். அவர் தம் நகலை மட்டுமே அடுத்தவருக்குக் காட்ட வேண்டும். சரிபார்க்க அனுமதி இல்லை. வரிசை முடிவதற்குள் ‘ழ’ இருந்த இடத்தில் ‘ள’ வந்தது, ‘ந’வும் ‘ன’வும் இடம் மாறின.

ஃபுளூ வைரஸும் இப்படித்தான் நகலெடுக்கிறது. அதன் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளான ஆர்.என்.ஏ. நகலில் நேரும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு அதனிடம் இல்லை. பெரும்பாலான பிழைகளால் வைரஸ் வீணாகிப் போகும். சில பிழைகள் சாவியின் வடிவத்தைச் சற்றே மாற்றிவிடும். அப்போது பழைய எதிர்ப்பொருள்களால் அதைச் சரியாக அடையாளம் காண முடிவதில்லை.

தட்டம்மை வைரஸிலும் நகல் பிழைகள் உண்டு. ஆனால் அதன் மேற்பரப்பு எதிர்ப்பொருள்களை ஏமாற்றும் அளவுக்கு மாறுவதில்லை. அதனால்தான் சிறு வயதில் போட்ட ஊசி நீண்ட காலம் காக்கிறது. ஃபுளூ ஊசியை ஆண்டுதோறும் போட இன்னொரு காரணமும் உண்டு: ஊசியால் கிடைக்கும் பாதுகாப்பும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடும்.

சில சமயம் இரண்டு வேறு ஃபுளூ வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் புகுந்து எட்டுத் துண்டுகளில் சிலவற்றை மாற்றிக்கொள்கின்றன. அப்போது யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத புதிய வைரஸ் பிறக்கலாம். 2009இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 அப்படி வந்ததுதான். பன்றி, பறவை, மனிதர் ஆகியோரிடமிருந்து வந்த துண்டுகள் அதில் கலந்திருந்தன.

இந்த மாற்றங்களை யார் கவனிக்கிறார்கள்? பல நாடுகளின் ஆய்வகங்கள் ஆண்டு முழுவதும் மாதிரிகளைச் சோதிக்கின்றன. இந்தியாவில் புனே தேசிய வைராலஜி நிறுவனம் இதில் முதன்மையானது. இந்தத் தகவல்களை வைத்து உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை வல்லுநர்களைக் கூட்டுகிறது. வட கோளத்துக்கான பட்டியல் பிப்ரவரியிலும் தென் கோளத்துக்கானது செப்டம்பரிலும் வெளியாகும். பெரும்பாலான ஊசி மருந்துகள் கோழி முட்டையில் வைரஸை வளர்த்துச் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்படுகின்றன. அதற்கு ஏறத்தாழ ஆறு மாதம் பிடிக்கும். ஆகவே ஆறு மாதத்துக்குப் பின் எந்த வைரஸ் பரவும் என்பதை முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கிறது.

கணிப்பு பொருந்தும் ஆண்டுகளிலும் மருத்துவரிடம் செல்லும் அளவுக்கு நோய் வரும் வாய்ப்பை இந்த ஊசி 40 முதல் 60 விழுக்காடு வரைதான் குறைக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன். “அப்ப பாதிதானா?” என்று ஏமாற்றத்தோடு கேட்டார்கள். அடைமழையில் குடை பிடித்து வந்தாலும் கால் நனைகிறது, அதற்காகக் குடையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறோமா என்று கேட்டேன். ஊசி போட்டும் நோய் வந்தால், அது நிமோனியா வரை முற்றும் வாய்ப்பு குறைகிறது. முதியவர்களுக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும் அதுதான் முக்கியம்.

ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்ற பேச்சையும் அன்றே எடுத்துக்கொண்டோம். ஊசியில் உள்ளது செயலிழந்த வைரஸின் பகுதிகள். அதனால் ஃபுளூவை உண்டாக்க முடியாது. கை வலியும், சிலருக்கு ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் உடல் வலியும் இருக்கலாம். அது உடல் பாடம் கற்றுக்கொள்வதன் அடையாளம்.

இரண்டாம் வரி: 2 டிகிரி முதல் 8 டிகிரி வரை

பெட்டியில் அடுத்து இருந்தது வெப்பநிலை. கூடவே ‘உறையவிடக் கூடாது’ என்ற எச்சரிக்கை. இதற்கு ஓர் எளிய சோதனை செய்தோம். தெர்மகோல் பெட்டிக்குள் பனிக்கட்டியைத் தொட்டபடி ஒரு வெப்பநிலைமானியும், துணி சுற்றி விலக்கி வைத்த இன்னொன்றும் வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்தார்கள். தொட்டிருந்தது 0 டிகிரியை ஒட்டி இறங்கியது. அதிகக் குளிர்ச்சி நல்லதுதானே என்று நினைத்திருந்தவர்களுக்கு அப்போதுதான் ‘உறையவிடக் கூடாது’ என்ற சொல்லின் பொருள் தெரிந்தது. உறைந்த தடுப்பூசி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வீரியம் கெட்டிருக்கும்.

நம் பள்ளிகளுக்குச் செவிலியர் பத்து வயது, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட வரும்போது கையில் ஒரு பெட்டியைக் கொண்டுவருவார். அதன் நான்கு பக்கமும் பனிக்கட்டிப் பொதி இருக்கும். அன்று ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, அந்தப் பெட்டியை அவரையே திறந்து காட்டி விளக்கச் சொல்லுங்கள். ஊசிக்குப் பயந்து கழிப்பறைப் பக்கம் ஒதுங்கும் பிள்ளைகளும் எட்டிப் பார்ப்பார்கள்.

மூன்றாம் வரி: தேதி

காலாவதித் தேதியைப் படிப்பதோடு, ‘எப்போது போட வேண்டும்?’ என்ற கேள்வியையும் சேர்த்தேன். ஊசி போட்டபின் போதுமான எதிர்ப்பொருள்கள் உருவாக இரண்டு வாரம் ஆகும். இந்தியாவில் ஃபுளூ எல்லா ஊரிலும் ஒரே மாதத்தில் வருவதில்லை. டெல்லி, புனே போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டியும், ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான குளிர்காலத்திலும், சென்னை, வேலூரில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பரிலும் அதிகமாகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பருவமழைப் பாடத்தில் வரைந்த இந்திய வரைபடத்திலேயே இதையும் குறிக்கச் செய்தேன். “அப்ப நாம ஐப்பசி மழைக்கு முன்னாடியே போட்டுக்கணும்” என்ற முடிவுக்கு அவர்களே வந்தார்கள்.

பிறகு பழைய வருகைப் பதிவேடுகளைக் கொடுத்து, மாதவாரியாக விடுப்பு நாள்களைக் கூட்டிப் பட்டை வரைபடம் வரையச் சொன்னேன். மழை மாதங்களில் பட்டை உயர்ந்தது. இங்கே ஆசிரியர் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: “இது முழுக்க ஃபுளூதான் என்று சொல்ல முடியுமா?” தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள், டெங்கு வந்தவர்கள், சாலையில் தண்ணீர் நின்றதால் வராதவர்கள் என்று பிள்ளைகளே காரணங்களை அடுக்கினார்கள். தரவைப் படிக்கக் கற்கும்போது, தரவு சொல்லாததை அதன் வாயில் திணிக்காமல் இருக்கவும் கற்க வேண்டும்.

நான்காம் வரி: மருத்துவர் சீட்டு

மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்ற வரியும் பெட்டியில் இருக்கும். இதை ஒட்டி, வீட்டிலிருந்து காலி மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, சிவப்புக் கோடு உள்ளவற்றைத் தனியே பிரித்தோம். ஆன்டிபயாட்டிக் அட்டைகளில் அந்தக் கோடு இருக்கும். அவை பாக்டீரியாவுக்கானவை, வைரஸைக் கொல்லாதவை. ஃபுளூவுக்கு வேறு மருந்து உண்டு. அதை மருத்துவர் தேவை பார்த்து, முடிந்தவரை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்குவார். ‘ரெண்டு செட் மாத்திரை’ ஏன் கூடாது என்பதற்கு இதைவிட நேரடியான பாடம் வேண்டியதில்லை.

இரண்டாம் பாடவேளை: ஒரே ஒரு ஊசி

இந்த ஊசியின் விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல். என் வகுப்பில் பெரும்பாலோர் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள். விலையைச் சொல்லாமல் பாடம் நடத்துவது நேர்மையாகாது. சொல்லிவிட்டு, “எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள்” என்று முடித்தால் பிள்ளைகள் வீட்டை நினைத்துத் தலைகுனிவார்கள். எனவே அந்தச் சிக்கலையே கேள்வியாக வைத்தேன்: ஒரு வீட்டில் அப்பா, நிறைமாதக் கர்ப்பிணியான அக்கா, எட்டாம் வகுப்புப் பையன், நான்கு மாதக் குழந்தை, ஆஸ்துமா உள்ள அப்பாயி இருக்கிறார்கள். ஒரே ஒரு ஊசிக்குத்தான் பணம் இருக்கிறது. யாருக்குப் போடுவது?

“அப்பாவுக்கு. அவரு படுத்துட்டா வீட்டுல சோறு இல்ல” என்றது ஒரு குழு. “பாப்பாவுக்கு” என்றது இன்னொரு குழு. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி போடுவதில்லை என்று விளக்கத் தாளில் இருந்ததை மூன்றாவது குழு எடுத்துக் காட்டியது. “அப்பாயிக்குத்தான். மூச்சு வாங்கும்போது பாத்திருக்கேன்” என்றாள் ஒருத்தி. அவள் பேசியது கணக்குக்காகச் சொன்ன அப்பாயியைப் பற்றி அல்ல என்பது எல்லாருக்கும் தெரிந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்: “அக்காவுக்குப் போட்டா வயித்துல இருக்கிற பாப்பாவுக்கும் சேரும்ல டீச்சர்? ஒரு ஊசி, ரெண்டு பேரு.” அவன் சொன்னது அறிவியல்படியும் சரி. தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தைக்குச் சென்று முதல் சில மாதங்கள் காக்கின்றன.

இதற்கு ஒரே சரியான விடை இல்லை என்று சொல்லி, முன்னுரிமை தரப்படும் பிரிவினரைப் பட்டியலிட்டோம்: கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகம் தொடர்பான நாள்பட்ட நோய் உள்ளவர்கள், மருத்துவப் பணியாளர்கள். யாருக்குத் தேவை, எங்கே கிடைக்கும் என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம் என்றும் சொன்னேன்.

அடுத்து, செலவே இல்லாத பட்டியல் ஒன்று தயாரித்தோம். முழங்கை மடிப்பில் இருமுவது, சோப்புப் போட்டுக் கை கழுவுவது, வகுப்பறைச் சன்னல்களைத் திறந்து வைப்பது, மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுவதும் ஆகும் வரை வீட்டில் இருப்பது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகளையும் எழுதினோம்: மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், தண்ணீர்கூடக் குடிக்க முடியாமை, எழுப்பினாலும் எழாத மயக்கம்.

‘வீட்டில் இருப்பது’ என்று எழுதும்போது ஒரு மாணவி, “வந்தாத்தானே டீச்சர் முழு வருகைக்குப் பரிசு தருவீங்க?” என்றாள். நியாயமான கேள்வி. காய்ச்சலோடு வரும் ஒரு பிள்ளை பெஞ்சில் உள்ள எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போகும். அவர்கள் வழியாக அந்த நோய் வீட்டில் இருக்கும் அப்பாயி வரை போகும். இதை ஆசிரியர் கூட்டத்தில் வைத்தோம். காய்ச்சலுக்காக எடுக்கும் விடுப்பைப் பரிசுக் கணக்கில் குறைப்பதில்லை என்று முடிவானது. மற்ற பள்ளிகளும் இதைப் பரிசீலிக்கலாம்.

பிற வகுப்புகளுக்கு

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் வைரஸ் பெயர்கள் வேண்டாம். ஒரு பிள்ளையின் கையில் கோலப்பொடி தடவி, பத்து நிமிடம் வழக்கம்போல் இருக்கச் சொல்லுங்கள். பொடி எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடினாலே தொற்று புரிந்துவிடும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் சமூக அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து 1918ஆம் ஆண்டின் பெருந்தொற்றை எடுக்கலாம். முதல் உலகப் போர்க் காலத்தில் பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்து ரயில் பாதைகளில் பரவிய அந்த ஃபுளூவால் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த நோய்க்குக் காரணமான வைரஸ் வகை மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது 1933இல்தான். தடுப்பூசி இல்லாத உலகம் எப்படி இருந்தது என்பதை அந்த இடைவெளி சொல்லும்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. பெட்டியில் ‘பி/ஆஸ்திரியா/1359417/2021’ என்று உள்ளது. ஒவ்வொரு பகுதியும் எதைக் குறிக்கிறது?
2. தட்டம்மை ஊசி நீண்ட காலம் காக்கிறது, ஃபுளூ ஊசி ஆண்டுதோறும் தேவைப்படுகிறது. ஏன்?
3. மருந்துக் கடையிலிருந்து கிளினிக் செல்ல அரை மணி நேரம் ஆகும். ஊசி மருந்தை எப்படிக் கொண்டுசெல்வாய்? பனிக்கட்டியை ஒட்டி ஏன் வைக்கக் கூடாது?
4. சென்னையில் இருப்பவரும் ஸ்ரீநகரில் இருப்பவரும் ஒரே மாதத்தில் ஊசி போட்டுக்கொள்வது பொருத்தமா?
5. ஊசி போட்டும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. ‘ஊசியால் பயனில்லை’ என்கிறார். உன் பதில் என்ன?

ஐந்தாவது வினாவுக்குப் பாதிப் பேர் குடையைத்தான் எழுதினார்கள். சிலர், அது வேறு காய்ச்சலாகவும் இருக்கலாம், பரிசோதித்தால்தான் தெரியும் என்றும் எழுதினார்கள். அது நான் சொல்லிக் கொடுக்காத பதில்.

இந்தப் பாடத்தை மழைக்கு முன், செப்டம்பரிலேயே நடத்துவது நல்லது. பாடத்திட்டத்தில் ‘நுண்ணுயிரிகள்’ பின்னால் வந்தாலும் இந்த இரண்டு பாடவேளைகளை முன்னால் இழுத்துக்கொள்ளலாம். பாடம் முடிந்த சில நாள்களில் மருந்துக் கடைக்காரர் என்னிடம், “உங்க பிள்ளைங்க இப்பல்லாம் தேதி பாக்காம மாத்திரை வாங்குறதில்ல டீச்சர், சிவப்புக் கோடு இருக்கே சீட்டு வேணாமான்னு என்னையே கேக்குறாங்க” என்றார். அடுத்த மாதம் அவரையே வகுப்புக்கு அழைத்திருக்கிறோம். கேள்விகளைப் பிள்ளைகள் தயார் செய்துகொண்டிருக்கிறார்கள்.